உப்பனாறும் பிச்சாவரமும்

கடலூர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த இரண்டு சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால் அபாய அளவுக்கு மாசுபட்ட இடம் என்று பொருள். கடலூர் வாங்கியது 77.45. கூட வாங்கியவர் தோற்றவர் என்ற விசித்திரமான பரீட்சை அது. அதற்குப் பிறகு 2022இல், அதே மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. ஏறத்தாழ 1,478 ஹெக்டேர். செய்தித்தாள்கள் படம் போட்டன, சட்டமன்றத்தில் பெருமையாகப் பேசினார்கள்.

இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பஸ் பயணம்தான். ஒரே கடல், ஒரே வடகிழக்குப் பருவமழை, ஒரே மாவட்ட ஆட்சியர். ஒன்று கடலூர் முதுநகருக்குத் தெற்கே கடற்கரைக்கு இணையாக ஓடி, கெடிலத்தோடு சேர்ந்து கடலில் கலக்கும் உப்பனாறு. மற்றொன்று வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிளை கிளையாய் விரிந்து கிடக்கும் பிச்சாவரம் கழி. (பிச்சாவரத்துப் பக்கமும் உப்பனாறு என்ற பெயரில் ஒரு வடிகால் உண்டு. இந்தக் கட்டுரையில் உப்பனாறு என்றால் கடலூர் உப்பனாறுதான்.) இரண்டும் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடங்கள். மடவையும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வந்து வளர்ந்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும் இடங்கள். அதனால்தான் இவற்றை ஒப்பிட முடிகிறது. கடலையும் மலையையும் ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

உலக அளவில் ஒரு வரிசை உண்டு. 2019இல் பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் குழு வெளியிட்ட மதிப்பீடு, உயிரினங்கள் குறைவதற்கான நேரடிக் காரணங்களை இப்படி அடுக்கியது: நிலத்தையும் கடலையும் பயன்படுத்தும் விதம் மாறுவது, உயிர்களை நேரடியாக அள்ளுவது, பருவநிலை மாற்றம், மாசு, அயலிலிருந்து வந்து பரவும் உயிரினங்கள். நிலத்திலும் நன்னீரிலும் முதல் குற்றவாளி நிலப் பயன்பாடு. கடலில் மீன்பிடிப்பு. பத்து லட்சம் உயிரினங்கள்வரை அழிவின் விளிம்பில் இருக்கின்றன என்றும் அது சொன்னது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கழிமுகத்தில் போய் நின்றால் சிக்கல் தொடங்குகிறது. கழிமுகம் நிலமா, நன்னீரா, கடலா? மரம் நிற்கும் இடம் வனத்துறைக்கு, வாய்க்கால் நீர்வளத்துறைக்கு, வலை மீன்வளத்துறைக்கு, கரை வருவாய்த்துறைக்கு, எதிர்க்கரைத் தொழிற்பேட்டை தொழில்துறைக்கு. மீன்குஞ்சுக்கு மட்டும் இந்தப் பிரிவினை தெரியாது.

பிச்சாவரத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே நடந்ததுதான் அதிகம் தவறாகச் சொல்லப்படுகிறது.

இன்று படகில் போகிறவர்கள் பார்க்கும் பச்சைச் சுரங்கம் காலகாலமாக அப்படியே இருந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள்வரை பிச்சாவரம் காடு கூப்பு முறையில் வெட்டப்பட்டது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூப்பை அடியோடு வெட்டி எடுப்பது, சுற்று முடிந்து திரும்ப அங்கே வருவதற்குள் மரம் வளர்ந்துவிடும் என்று நம்புவது. மலைக்காட்டில் எழுதிய கணக்கு இது. விறகுக்குக் கணக்குச் சரியாக வந்தது, சேற்றுக்கு வரவில்லை.

அலையாத்திக் காட்டின் தரையில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேரும் நிழலும்தான். மரத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் வெயில் நேரே களிமண்ணில் விழுகிறது. களி காய்ந்து சுருங்குகிறது, தரை தாழ்ந்து உட்காருகிறது. நடுவில் குழியும் விளிம்பில் மேடுமாக ஒரு தட்டு உருவாகிறது. பெரிய அலையேற்றத்தின்போது கடல்நீர் மேட்டைத் தாண்டி உள்ளே வரும். இறங்கும்போது வெளியேற வழி இருக்காது. தேங்கியது வெயிலில் வற்றும், உப்பு தங்கும், அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு வரும். சில ஆண்டுகளில் அந்த இடம் உப்பளம் மாதிரி ஆகிவிடும். கோடையில் மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், காலை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். அங்கே கண்டல் விதை விழுந்தாலும் முளைக்காது. உமிரி மட்டும் சிவந்தும் பச்சையாகவும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். மரம் வெட்டியது ஒரே ஆண்டுதான். அதற்குப் பிறகு முளைக்கவிடாமல் தடுத்தது பள்ளமும் உப்பும். வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு திரும்பாததன் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் பழி யார்மேல் போனது? ஆடுமாடு மேய்த்தவர்கள்மேல், விறகு பொறுக்கியவர்கள்மேல். மேய்ச்சலே சேதம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கழியை ஒட்டிய கிள்ளைப் பக்கத்து மாடுகள் கண்டல் இலையை விரும்பித் தின்னும் என்பது ஊரறிந்தது. ஆனால் மாடு தின்ற இலை மறுபடி துளிர்க்கும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வழுக்கையாகக் கிடந்த உப்புத் தட்டுகளை மாடு உண்டாக்கவில்லை. மேலிருந்து வந்த வேலைத்திட்டம் உண்டாக்கியது. அதை எழுதியவர்களின் கோப்பில் காரணம் என்ற கட்டத்தில் நிரப்பப்பட்டதோ மக்கள் நெருக்கடி. இந்த வார்த்தையை எங்கு பார்த்தாலும் சந்தேகத்தோடு படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது பிச்சாவரம்தான்.

1990களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே வந்து இந்தப் பள்ளத்தையும் உப்பையும் அளந்தார்கள். தீர்வும் அந்த அளவிலிருந்தே பிறந்தது. நாற்று நடுவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். அலை ஏறும்போது தண்ணீர் முள்ளின் நுனிவரை போகும், இறங்கும்போது உப்பை அலசிக்கொண்டு திரும்பும். உப்புக் குறைந்த பிறகு கரையோரம் வெண்கண்டல் நட்டார்கள். பல இடங்களில் விதை தானாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொண்டது. வனத்துறையும் கிராமக் குழுக்களும் சேர்ந்து பராமரிக்கும் கூட்டு மேலாண்மை இதோடு வந்தது. 1986க்கும் 2002க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு தரப்பு இருளர்கள். எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருக்கும் இவர்களுக்குப் படகும் பெரிய வலையும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில், பல சமயம் முட்டி போட்டு நகர்ந்தபடி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறி பல்லில் கடித்தபடி தொங்கும், கை இரண்டும் வேலையில் இருப்பதால். விரல்தான் வலை. சேற்றில் எங்கே உயிர் குறைந்திருக்கிறது, எங்கே தண்ணீர் ஓடாமல் கெட்டுப்போகிறது என்பதை அந்த விரலுக்கு மேல் எந்தக் கருவியும் சீக்கிரம் சொல்லாது. காப்புக்காடு என்று எல்லை போட்ட காலம் முதல் இவர்கள் சட்டப்படி அந்நியர்கள், உள்ளே வந்தால் குற்றவாளிகள். வாய்க்கால் வெட்ட ஆள் தேவைப்பட்டபோதுதான் இவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். அதைக் குறைத்தும் மதிப்பிட வேண்டாம், கூலியோடு ஒரு குழுவில் இருக்கையும் கிடைத்தது. ஆனால் பிச்சாவர வெற்றிக் கதையைச் சொல்லும் பிரசுரங்களின் அட்டையில் இவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு உள்ளே முடிவெடுக்கும் பக்கங்களில் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

சுனாமியைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணல்திட்டில் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற ஊர்கள் சிதைந்தன. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்தி உயிர்காத்தது என்று எழுதினார்கள். அதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், ஊர் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே பெரும் காரணம், காட்டின் பங்கை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள். என் பார்வையில் இந்த விவாதத்தால் காட்டின் மதிப்பு எதுவும் குறையவில்லை. சுனாமியைத் தடுக்காவிட்டாலும் இறாலை வளர்க்கிறதே. ஆனால் அரசுப் பணம் வருவதற்குச் சுனாமி வேண்டியிருந்தது, இறால் போதவில்லை.

இனி வடக்கே வருவோம். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக்கூட சிப்காட் வந்தது தெரியும். முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை ஜன்னல்கள் வரிசையாக மூடப்படும். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் நகப்பூச்சு, ஒரு நாள் பெயர் வைக்க முடியாத இனிப்பு. 1980களின் முதல் பாதியில் ஐந்நூறு ஏக்கருக்குச் சற்று மேல் பரப்பில் அமைந்த இந்தத் தொழிற்பேட்டையின் நீளவாக்கில் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் உப்பனாறு. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், இவற்றுக்கான இடைநிலை ரசாயனங்கள் என்று எல்லாம் இங்கே தயாராகின. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் எல்லாம் மதிலை ஒட்டிய ஊர்கள்.

ஏன் இந்த இடம்? சாலை, ரயில், துறைமுகம், நிலத்தடி நீர். ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு, எந்தத் திட்ட அறிக்கையிலும் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது: கழிவை வாங்கிக்கொள்ள ஓர் ஆறு பக்கத்திலேயே இருந்தது. அலை ஏறி இறங்கும் ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது அந்தக் காலத்துப் பொறியாளர்களின் நம்பிக்கை. உண்மையில் ஏறும் அலை இறங்கும் கழிவைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு வரும். வேகம் நின்று திரும்பும் கணத்தில் கனமானதெல்லாம் அடியில் படியும். பிச்சாவரத்தில் வெளியேற முடியாமல் தேங்கியது உப்பு. இங்கே தேங்கியது உலோகமும் எண்ணெய்ப் பசையும்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆர்.வி. சேஷையா காலத்தில் வேரூன்றிய, நாட்டிலேயே மதிக்கப்படும் கடல் ஆய்வுப் பள்ளி. அங்கே படித்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு காரியம் வெள்ளாற்றையும் உப்பனாற்றையும் ஒப்பிடுவது. ஆற்றின் அடிச்சேற்றை ஒரு கவ்வுகருவியால் எடுத்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் புழுவையும் சிப்பியையும் எண்ணுவார்கள். கெட்டுப்போன சேற்றில் உயிரே இல்லாமல் போவதில்லை. பல இனங்கள் இருந்த இடத்தில், உயிர்வளி குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு புழுவினங்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செழிப்பாகத் தெரியும், வகையைப் பார்த்தால் வெறுமை. கரையில் நின்று உப்பனாற்றைப் பார்க்கிறவருக்கும் அதே மயக்கம்தான். தண்ணீர் ஓடுகிறது, கொக்கு நிற்கிறது, படகு போகிறது. கரையில் ஆங்காங்கே வெண்கண்டல்கூட நிற்கிறது. ஆறு செத்துவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். செத்துவிடவில்லை என்பதும் உண்மை.

1990களின் கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் இங்கே வந்து விசாரித்து, நிலைமை சீராகும்வரை மாசுபடுத்தும் புதிய ஆலைகளை அனுமதிக்க வேண்டாம் என்றது. 2004இல் இந்தக் கிராமங்களைச் சேர்ந்தவர்களே கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிச்சாவரத்து இருளரின் விரலுக்கும் குடிகாட்டுக்காரரின் மூக்குக்கும் உறவு இருக்கிறது. இரண்டும் உள்ளூர் அறிவு. ஒன்றை அரசு குழுவில் சேர்த்துக்கொண்டது. மற்றொன்றை ஆண்டுக்கணக்கில் புகார் என்றே பதிவு செய்தது.

77.45 மதிப்பெண் வந்ததும் 2010 தொடக்கத்தில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்தது. செயல்திட்டம் ஒன்று எழுதப்பட்டது, பிறகு தடை விலகியது. ஆலைகள் கழிவைச் சுத்திகரித்து, பொதுக் குழாய் வழியாகக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் ஏற்பாடும் இருக்கிறது. ஆற்றுக்கு இதனால் நிம்மதி கிடைத்ததை மறுக்கவில்லை. ஆனால் முன்பு ஆற்றில் கலந்ததைப் பற்றி ஆற்றோரத்துக் குடும்பங்கள் பேசின. கடலடியில் குழாய் திறக்கும் இடத்தில் பேச யார் இருக்கிறார்கள்?

இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன தெரிகிறது?

முதலில் கண்ணில் படுவது, இரண்டு இடத்திலும் சேதம் ஆரம்பித்தது அரசு ஆணையில். பிச்சாவரத்தில் வனத்துறையின் கூப்புத் திட்டம், கடலூரில் தொழிற்பேட்டைத் திட்டம். மக்கள்தொகை பெருகியதாலோ பேராசையாலோ தானாக நடந்த ஒன்றல்ல. ஆனால் கூப்புத் திட்டத்தை 1990களில் திருப்பிப் போட்டபோது யாருக்கும் நஷ்டமில்லை. விறகு வருமானம் எப்போதோ நின்றுபோயிருந்தது. உப்புத் தட்டுக்கு உரிமை கொண்டாட ஒருவரும் இல்லை. அதனால் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு துறையும் சில கிராமங்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிட முடிந்தது. உப்பனாற்றுக் கரையில் ஒவ்வொரு நாளும் யாரோ லாபம் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே வேலையும் இருக்கிறது, நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லும் வீட்டிலேயே ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். பிச்சாவரம் மீண்டதற்கு விஞ்ஞானம் பாதிக் காரணம். எதிர்த்து நிற்க ஆளில்லாதது மறுபாதி. இந்த மறுபாதியை யாரும் சொல்வதில்லை. சொல்லாததால், நாற்று நட்டால் கழிமுகம் மீளும் என்ற தவறான பாடத்தை எல்லாக் கடற்கரைக்கும் கொண்டுபோகிறார்கள். அடிச்சேற்றில் இருக்கும் ரசாயனத்தை மீன்முள் வாய்க்கால் அலசாது. கிளறினால் மேலே வரும்.

அடுத்தது எல்லைக்கோடு. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் மட்டும் அதற்குள் வந்தன: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. அதாவது சிதம்பரம் பக்கம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2017இல், கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமாக அறிவித்த ஆணையும் அதே 2020இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 வசந்தத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நிலக்கரிச் சுரங்க ஏலத்துக்கு மத்திய அரசு பட்டியல் போட்டபோது, இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் மாநிலம் எதிர்த்தது. சில நாட்களில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்குப் பலம் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது இல்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

கோடு ஒன்றியங்களை வைத்துப் போட்டது. தண்ணீர் அப்படி ஓடுவதில்லை. பரவனாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலிப் பக்கத்து நீரை வாங்கிக்கொண்டு பெருமாள் ஏரி வழியாக வந்து கடைசியில் உப்பனாற்றில் சேர்கிறது. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களுக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. கோடையிலும் ஏரியில் தண்ணீர் நிற்பதால் நன்மை என்று விவசாயிகளே சொல்வார்கள். அதே சமயம் சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய மண்மலைகளிலிருந்து மழையில் வழியும் மண் பெருமாள் ஏரியைத் தூர்க்கிறது. 2023 ஜூலையில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று வளையமாதேவியில் கதிர் வந்த நெற்பயிரின்மேல் இயந்திரங்களை ஏற்றினார்கள். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. பயிருக்கான கோபம் நியாயமானது. ஆனால் ஓர் ஆற்றின் பாதையையே நகர்த்தினால் கீழே உள்ள ஏரிக்கும் கழிமுகத்துக்கும் என்ன ஆகும் என்று அந்த ஒரு வாரத்தில் கேட்டவர்கள் மிகக் குறைவு.

பிச்சாவரமும் பத்திரமாக இல்லை. மேட்டூரில் 1934இல் அணை வந்தது. அதற்கும் முன்பே 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டிக் கொள்ளிடத்துத் தண்ணீரை வடவாற்றுக்கும் வீராணத்துக்கும் திருப்பினார்கள். 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, சோற்றுக்கும் குடிநீருக்கும் எதிராக நான் வாதாடப்போவதில்லை. ஆனால் கழிக்கு வரவேண்டிய நல்ல தண்ணீர் வெள்ள நாட்களுக்கு மட்டும் என்று ஆனபோது, அதிக உப்பைத் தாங்கும் வெண்கண்டலுக்கு வாழ்வு வந்தது, நன்னீர் தேவைப்படும் இனங்கள் ஒதுங்கின. சிதம்பரத்துக் கோயிலின் தலமரமான தில்லை இன்று ஊரைச் சுற்றி இல்லை, பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் எங்கு பார்த்தாலும் வெண்கண்டல்தான். அந்த 90 சதவீதப் பெருக்கத்தில் பெரும்பங்கு ஒரே மரத்துடையது. பரப்பு கூடுவதும் பல்லுயிர் கூடுவதும் வேறு வேறு. உப்பனாற்றுப் புழுக்களின் கதையேதான் இங்கே பச்சை நிறத்தில் இருக்கிறது. இரண்டையும் சமன் என்று சொல்லவில்லை, காடு இருப்பது நல்லது. கணக்குப் போடும் முறையில் உள்ள ஓட்டை மட்டும் ஒன்று.

(பழைய கொள்ளிடத்துக் கரையில் முதலைகள் பெருகியதைச் சிலர் இயற்கை மீண்டதற்கு அடையாளம் என்பார்கள். குளிக்கப் போனவரை இழுத்த ஊர்களில் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். பிடிபடும் முதலைகளை வனத்துறை வக்காரமாரிக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறது.)

இறால் பண்ணை தனிக் கதை. 1990களில் கரையோர நெல்வயல்கள் குட்டையாகின. அதன் கழிவும் உப்பும் வாய்க்காலில் கலந்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இந்தப் பண்ணைகள் கூடாது என்றது. நீதிமன்றம் மூடிய கதவை 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் திறந்துவிட்டது. மரத்தை வெட்டினால் குற்றம், மரத்துக்கு மேல்கரையில் குட்டை வெட்டினால் பதிவுச் சான்றிதழ். கூப்புக் காலத்துக் கொள்கை வனத்துறைக்குள்ளேயே இருந்ததால் அதைத் திருத்துவது சுலபமாக இருந்தது. இது வனத்துறையின் கைக்கு வெளியே இருக்கிறது.

கடலுக்குள் போனால் இரண்டு கழிமுகங்களின் ஆட்களும் ஒரே தண்ணீரில் வலை போடுகிறார்கள், சுருக்குமடி வலை வேண்டும் வேண்டாம் என்று குப்பத்துக்குக் குப்பம் சண்டையும் போடுகிறார்கள். சுருக்குமடியால் நடுக்கடல் மீன் குறைகிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், குஞ்சு வளரும் இரண்டு தொட்டில்களில் ஒன்றில் என்ன கலக்கிறது என்று கேட்கும் கோபம் மீனவர்களுக்குள்ளேயே தீர்ந்துபோகும். அதில் வசதி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எனக்குப் படுவது இது. பிச்சாவரத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது: செயற்கைக்கோள் படம். மேலிருந்து எடுத்த படத்தில் பச்சை கூடியதை அமைச்சரும் பார்க்கலாம், பள்ளிப்பிள்ளையும் பார்க்கலாம். அதனாலும் வாய்க்காலுக்கும் நாற்றுக்கும் பணம் வந்தது. உப்பனாற்றின் சேற்றுக்கு அப்படியொரு படம் எடுக்க முடியாது. அதற்கு வேண்டியது கவ்வுகருவியும் சல்லடையும் எண்ணத் தெரிந்த ஆட்களும். மூன்றும் பரங்கிப்பேட்டையில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்காகத் துண்டு துண்டாக நடக்கும் அந்த எண்ணிக்கையை, பருவத்துக்கு ஒருமுறை, ஒரே இடங்களில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செலவில் எடுத்துத் தமிழில் வெளியிட வேண்டும். குழாய் திறக்கும் கடலடியிலும் அதே சல்லடை வேண்டும். பிச்சாவரத்திலும் எத்தனை ஹெக்டேர் என்பதோடு எத்தனை இன மரம், ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்ற எண்ணிக்கை வர வேண்டும். மீன்முள் வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும் சுபாவம் உள்ளவை. திட்டக் காலம் முடிந்ததும் தூர்வாரும் கூலியும் நின்றுவிட்டால், அலை நுழையாத கிளைகளில் உப்பு மறுபடி ஏறத் தொடங்கும். ராம்சார் பலகைக்குச் செலவு செய்தவர்கள் அந்தக் கூலியை எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கிள்ளை மக்கள் கேட்கலாம். கேட்கும்போது குடிகாட்டுக்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, நோட்டில் தேதி போட்டு எழுதுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.